கருகல், ஒழுகல், கொப்பளிப்பு: காயில் பஞ்சின் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய

காயிலை (சூடாகும் கம்பிச் சுருளை) நாமே கட்டிப் பஞ்சு வைக்கும் வகை வேப்பில், அதாவது மின்-சிகரெட்டில், கோளாறு வந்தால் பலரும் முதலில் ஆவியாகும் லிக்விட்டைச் சந்தேகப்படுகிறார்கள், அப்புறம் கம்பியை. பஞ்சின் பக்கம் கண் போவது கடைசியில்தான். நான் பார்த்தவரை பெரும்பாலான நேரம் கோளாறு பஞ்சில்தான் இருக்கிறது. பஞ்சு மட்டம் என்பதால்கூட இல்லை. காயிலுக்குள் எவ்வளவு வைத்தோம், இரண்டு பக்கமும் தொங்கும் வாலில் எவ்வளவு விட்டோம் என்ற அளவில்தான் தவறு இருக்கும். அதனால் இங்கே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்து, பஞ்சில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஏற்கெனவே இதைப் பயன்படுத்துகிற பெரியவர்களுக்காக எழுதியது இது. புகைப் பழக்கமே இல்லாதவர் புதிதாகத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. சில நாடுகளில் இந்தக் கருவிக்கே தடை இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கை வைக்கும் முன் மூன்று விஷயம். கருவியை அணைத்து, முடிந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். நிகோடின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், லிக்விட் பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மூன்றாவது, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். பஞ்சையும் வாட்டையும் (கருவியில் வைக்கும் மின்திறன் அளவு) லிக்விட்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால், எது சரிசெய்தது என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

முதல் இழுப்பிலேயே தொண்டையில் கருகல்

புதுப் பஞ்சு வைத்தவுடன் இது வந்தால், உள்ளே எங்கோ காய்ந்த இடம் இருக்கிறது என்று அர்த்தம். இழுப்பதை உடனே நிறுத்துங்கள். "இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்" என்று தொடர்வது தப்பு. லிக்விட்டில் உள்ள கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் அக்ரோலின் என்ற நச்சு உண்டாகிறது. ஃபார்மால்டிஹைடு போன்றவையும் சேர்ந்து வரும். கருகல் சுவை உங்களுக்குத் தரும் எச்சரிக்கையே அதுதான்.

திரி, அதாவது காயிலில் வைத்த பஞ்சு, ஈரமாக இருக்கும்வரை கம்பியின் சூடு லிக்விட்டை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது, பஞ்சு தப்பிக்கிறது. லிக்விட்டின் இரண்டு முக்கியப் பொருள்களில் புரொப்பிலீன் கிளைகால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290-ல். ஈரம் தீர்ந்த நொடியில் கம்பியின் சூட்டுக்குக் கடிவாளம் இல்லை, நேரே பஞ்சைத்தான் சுடும்.

மூடியைத் திறந்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்த பஞ்சு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். நனைந்த பஞ்சு வெண்மை மங்கிக் கண்ணாடி போலாகி, பின்னால் இருக்கும் உலோகம்கூட லேசாகத் தெரியும். வெள்ளைத் திட்டு எங்கே தெரிகிறதோ அங்கே லிக்விட் போகவில்லை. காயிலின் மேலேயும் இரண்டு வாலிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, இடுக்கி முனையால் மெதுவாக அழுத்துங்கள். குமிழி வெளியே வரும். அந்தக் காற்று போன இடத்தில் லிக்விட் ஏறும். பிறகு குறைந்த வாட்டில் ஒரு நொடி ஃபயர் செய்து (பொத்தானை அழுத்திக் காயிலைச் சூடாக்கி) நிறுத்துங்கள், இன்னும் ஓரிரு சொட்டு விடுங்கள், மறுபடி ஃபயர். இப்படி நாலைந்து முறை. லிக்விட்டைச் சேர்த்து வைக்கும் டேங்க் வகை என்றால் மூடிய பிறகும் பத்து நிமிடம் சும்மா வையுங்கள்.

இவ்வளவு செய்தும் நடுப்பகுதி கருகுகிறதா? அப்படியானால் பஞ்சை முறுக்கி வைத்திருக்கிறீர்கள். என் முதல் டிரிப்பரில் (டேங்க் இல்லாமல், பஞ்சின் மேலேயே லிக்விட்டைச் சொட்டும் வகை) நான் செய்ததும் இதேதான். திரி என்றதும் கை தன்னால் விளக்குத் திரி திரிப்பது போல உருட்டி முறுக்கியது. மூன்று நாள் கம்பியை மாற்றி மாற்றிக் கட்டினேன், கருகல் போகவில்லை. கடைசியில் பஞ்சை வெளியே எடுத்துப் பிரித்தபோது வெளிப்புறம் சொதசொதவென்று ஈரம், நடுவில் பென்சில் கோடு போலப் பழுப்பாகக் காய்ந்த நரம்பு. திரிப்பதால்தான் திரி என்று பெயர் வந்தது என்றாலும் இங்கே திரிக்கவே கூடாது. இழைகள் நேராக, அக்கம்பக்கமாகக் கிடந்தால்தான் அவற்றுக்கு நடுவே உள்ள சந்துகளில் லிக்விட் ஏறி ஓடும். முறுக்கினால் அந்தச் சந்துகள் நெரிந்துபோகும்.

சரி, எப்படி வைப்பது? பஞ்சை ஆறேழு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள், இழைகள் நீளவாக்கில் ஓட வேண்டும். ஒரு முனையை மட்டும், காயிலுக்குள் நுழையும் அளவுக்கு, விரலால் கூராக்குங்கள். அதை நுழைத்து மறுபக்கம் இழுங்கள். கூரான பகுதி கடந்து, முழுப் பருமனும் காயிலுக்குள் வந்ததும் கையில் ஒரு மெல்லிய பிடிப்புத் தெரியும். இடமும் வலமுமாக ஒரு முறை நகர்த்திப் பாருங்கள். பஞ்சு உரசிக்கொண்டே நகர வேண்டும், ஆனால் காயில் இடம் மாறவோ வளையவோ கூடாது. காயில் சேர்ந்து நகர்ந்தால் பஞ்சு அதிகம். உரசலே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனால் குறைவு. கூராக்கிய நுனியை அப்புறம் வெட்டி எறிந்துவிடுங்கள்.

முதல் நாலு இழுப்பு அருமை, ஐந்தாவதில் கருகல்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். திரி நனைகிறது, ஆனால் செலவாகும் வேகத்துக்கு ஈடாக லிக்விட் வந்து சேரவில்லை. அடைப்பு இரண்டு இடத்தில் இருக்கலாம்: காயிலுக்குள், அல்லது வால் போய் உட்காரும் லிக்விட் துளையில்.

எது என்று ஊகிக்க வேண்டியதில்லை, பஞ்சே சொல்லிவிடும். கருகல் வந்தவுடன் கருவியை அணைத்து, ஆறவிட்டு, திறந்து இரண்டு வாலையும் இடுக்கியால் லேசாகக் கிள்ளுங்கள். வாலில் லிக்விட் பிதுங்கி வருகிறது, ஆனால் காயிலின் நடுவில் மட்டும் பழுப்பு என்றால், காயிலுக்குள் இறுக்கம் அதிகம், அல்லது வாட் அதிகம். முதலில் வாட்டைக் குறைத்துப் பாருங்கள், செலவில்லாத சோதனை அதுதான். வாலே காய்ந்து கிடக்கிறது என்றால் டேங்கிலிருந்து வரும் வழியிலேயே அடைப்பு. காயிலில் இருக்கும் பஞ்சைத் தொடாதீர்கள், வாலை மட்டும் சரிசெய்யுங்கள்.

கண்ணாடி டேங்கில் திறக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணாடியைக் கவனியுங்கள். லிக்விட் உள்ளே போன இடத்தை நிரப்பக் காற்றுக் குமிழி மேலே ஏற வேண்டும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறையாவது குமிழி வந்தால் ஓட்டம் சரி. குமிழியே வராமல், அப்புறம் தொண்டை வறள ஆரம்பித்தால் துளைகள் அடைபட்டிருக்கின்றன.

வாலைச் சரிசெய்வது எளிது. வெட்டிய வாலை ஊசியாலோ இடுக்கி முனையாலோ தலை வாருவது போலக் கீழ்நோக்கி வாருங்கள். தளர்வான இழைகள் கையோடு வந்துவிடும். இன்னும் தடிமனாக இருந்தால் வாலின் அடிப்பக்கத்தில் மட்டும் கத்தரிக்கோலைச் சாய்த்து மெலியுங்கள். பிறகு துளையின் வாய்க்குள் பஞ்சை வையுங்கள், திணிக்க வேண்டாம். வாயை மூடி, தரையை லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். டேங்கின் அடிவரைக்கும் இடித்து மடங்கி உட்கார்ந்த வால், மடங்கிய இடத்திலேயே லிக்விட்டை நிறுத்திவிடும். டிரிப்பரில் இந்தக் கணக்கு வேறு. அங்கே துளை கிடையாது, வால் தொட்டியில் தாராளமாகப் படுத்திருக்கலாம், ஆனால் காயிலுக்கு நேர் அடியில் ஓடும் காற்றுப் பாதையை மறைக்கக் கூடாது.

லிக்விட்டின் பங்கும் இதில் இருக்கிறது. அறை வெப்பத்தில் கிளிசரின், புரொப்பிலீன் கிளைகாலைவிட இருபது மடங்குக்கும் மேல் கெட்டியானது. இரண்டும் பாதிப் பாதியான 50/50 லிக்விட்டுக்கு அழகாக வேலை செய்த அதே வால், கிளிசரின் 70 அல்லது 80 சதவீதம் உள்ள லிக்விட்டுக்கு அடைப்பாகத் தெரியும். குளிர்காலத்தில் அது இன்னும் கெட்டியாகும். லிக்விட்டை மாற்றிய அன்றே கருகல் தொடங்கினால், பஞ்சைக் குறை சொல்லும் முன் பாட்டிலின் மேல் உள்ள விகிதத்தைப் படியுங்கள்.

பஞ்சுக்குப் பதில் ரேயான் என்ற செயற்கை இழையைப் பயன்படுத்துபவர்கள் மேலே சொன்ன இறுக்கக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நனைந்ததும் பஞ்சு உப்பி காயிலைப் பிடித்துக்கொள்ளும், ரேயான் அந்த அளவுக்கு உப்பாது. அதைக் காய்ந்த நிலையில் கொஞ்சம் கூடுதல் இறுக்கமாகவே வைக்க வேண்டும்.

அடியில் ஒழுகல், இழுக்கும்போது கொப்பளிக்கும் சத்தம்

இது முந்தைய கோளாறுக்கு நேர் எதிர். துளையின் வாயில் பஞ்சு போதவில்லை, லிக்விட் கட்டுப்பாடில்லாமல் உள்ளே வருகிறது. முதல் முறை கருகலில் அடிபட்டவர், அடுத்த முறை பஞ்சை மிகவும் மெலித்து, நேரே இங்கே வந்து சேர்வார். நானும் வந்தேன்.

எப்போது ஒழுகுகிறது என்று கவனியுங்கள். எப்போதும் ஒழுகினால் பஞ்சு குறைவு. துளையின் ஓரத்தில் ஒரு பக்கமாக இடைவெளி தெரியும், பெரும்பாலும் மூலையில். அடுத்த திரியில் வாலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமாக விட்டு, வாய் முழுவதும் பரவும்படி வையுங்கள். லிக்விட் நிரப்பியவுடன் மட்டும் ஒழுகினால் பஞ்சு குற்றவாளி இல்லை. மூடி திறந்திருக்கும்போது டேங்கின் உள்ளே வெற்றிடம் போய்விடுவதால் லிக்விட் கீழே இறங்குகிறது. லிக்விட் ஓட்டத்தை மூடும் வசதி இருந்தால் மூடிவிட்டு நிரப்புங்கள், காற்றுத் துளைகளையும் அடைத்துக்கொள்ளுங்கள், மூடியபின் தலைகீழாகப் பிடித்துக் காற்றுத் துளையைத் திறங்கள். இதற்கும் மசியாவிட்டால் ரப்பர் வளையங்களைப் பாருங்கள். வெட்டுப்பட்ட, புரண்டுகொண்ட ஒரே ஒரு வளையம் போதும், எவ்வளவு பஞ்சு வைத்தாலும் ஒழுகும்.

ஒழுகாமல் கொப்பளிப்பு மட்டும் இருந்தால் காயிலின் அடியில் லிக்விட் தேங்கியிருக்கிறது. வாய்முனையில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, கருவியைக் கவிழ்த்து ஒரு உதறு. சில நேரம் அத்தோடு முடிந்துவிடும். நிறுத்தாமல் லேசாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பழக்கமும், வாட்டை மிகவும் குறைத்து வைப்பதும் இதை வரவைக்கும், ஏனென்றால் வந்து சேரும் லிக்விட் ஆவியாகவில்லை.

நாக்கில் சூடான துளி தெறிக்கிறது

தேங்கிய லிக்விட் கொதித்துத் தெறிக்கிறது, அல்லது காயிலுக்குள் பஞ்சு தளர்ந்து, கம்பிக்கும் பஞ்சுக்கும் நடுவே துளி நிற்கிறது. காயிலைக் கீழ்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். திரிக்கும் கம்பிக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் பஞ்சு போதாது. மூன்று மில்லிமீட்டர் உள்விட்டக் காயிலுக்கு எடுத்த அதே பட்டையை மூன்றரைக்கும் எடுத்திருப்பீர்கள். சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் இடம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது.

பஞ்சு வாசனை, காகிதம் மெல்வது போன்ற சுவை

புதுத் திரியில் ஓர் அரை நாள் லேசான பஞ்சுச் சுவை சகஜம், தானாகப் போய்விடும். போகவில்லை என்றால் எந்தப் பஞ்சு எடுத்தோம் என்று யோசிக்க வேண்டும்.

செடியிலிருந்து வரும் பஞ்சு இழையின் மேல் இயற்கையான மெழுகுப் படலம் இருக்கிறது. தண்ணீர் ஒட்டாமல் இருப்பதற்கு அதுவே காரணம். அந்த மெழுகை நீக்கினால்தான் பஞ்சு உறிஞ்சும். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகைப் பஞ்சை அழுத்தாமல் மேலே போடுங்கள். நன்றாகச் சுத்தம் செய்த பஞ்சு சில நொடிகளில் நனைந்து மூழ்கும். மிதந்துகொண்டே இருந்தால் மெழுகு மிச்சம் இருக்கிறது. மருத்துவத்துக்கான உறிஞ்சு பஞ்சுக்கே மூழ்கும் நேரம் 10 நொடிக்குள் இருக்க வேண்டும் என்றுதான் மருந்தியல் தரநூல்கள் வரையறுக்கின்றன. நம் சோதனை அந்த அளவுக்குத் துல்லியமானது இல்லை, ஆனாலும் நல்லதையும் கெட்டதையும் பிரித்துக்காட்டிவிடும்.

மிதக்கும் பஞ்சைக் காய்ச்சி வடித்த நீரில் இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் இன்னொரு முறை. பிசையாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிழிந்து, சுத்தமான துணியில் தட்டையாகக் காயவிடுங்கள். பிசைந்தால் இழை சிக்கிக் கட்டிகட்டியாகிவிடும். முழுக்கக் காய ஒரு நாள் ஆகலாம். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கொதிக்க வைத்தும் மிதக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், அது இந்த வேலைக்கான பஞ்சு இல்லை.

அடுத்த சந்தேகம் கலப்படம். அழகுசாதனப் பஞ்சு வட்டங்களில் பாலியெஸ்டர் கலந்தவை உண்டு, லோஷன் தடவியவையும் உண்டு. இரண்டும் வேண்டவே வேண்டாம். ஒரு சிறு துணுக்கை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். சுத்தமான பஞ்சு காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலால் தொட்டால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கடுகு போலக் கெட்டியான மணியாகும். அந்த மணி தெரிந்த பாக்கெட்டை மேலே தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். அதன் புகைதான் நுரையீரலுக்குப் போகும்.

ஜப்பானியப் பஞ்சு அட்டை பயன்படுத்துபவர்கள் மேலும் கீழும் உள்ள மெல்லிய தோலை உரித்துவிடுங்கள். அழுத்தித் தயாரித்த அந்தத் தோல் லிக்விட்டை மெதுவாகத்தான் விடும். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க அட்டையை இரண்டு திசையிலும் லேசாக இழுங்கள். ஒரு திசையில் சுலபமாகப் பிய்ந்துகொண்டு வரும். இன்னொரு திசையில் எதிர்க்கும். எதிர்க்கும் திசைதான் இழையின் நீளம், பட்டையை அந்த வாக்கில் வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டியவர்களுக்குத் திரி காயிலுக்குள் பாதியிலேயே அறுந்து வரும்.

காட்டன் பேக்கன் போல வேப்புக்கென்றே வரும் பட்டைகளுக்கும், ஷூ லேஸ் போல நுனி கட்டிய பஞ்சுக் கயிறுகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. புதியவர்களுக்கு நான் சொல்வது இதையே எடுங்கள் என்றுதான். கயிறு வகையில் மட்டும் ஒன்று: அது குறிப்பிட்ட விட்டக் காயிலுக்கு அளவெடுத்தது. உங்கள் காயில் சிறியது என்றால் பக்கவாட்டில் சில இழைகளை உருவி எடுத்துவிட்டு நுழையுங்கள், அப்படியே திணித்தால் காயில் கோணிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கறுப்பு

இரண்டு வாலும் சமமில்லை, அல்லது காயில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பஞ்சை எடுத்துவிட்டுக் காயிலை மட்டும் குறைந்த வாட்டில் விட்டு விட்டு ஃபயர் செய்தால், நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் சமமாகச் சிவக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் முதலில் பளிச்சென்று சிவந்தால், அணைத்து, இடுக்கியால் சுற்றுகளைச் சேர்த்து அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள். டைட்டானியம் கம்பியை ஒருபோதும் இப்படிச் சிவக்கவிடக் கூடாது. அதன் மேல் டைட்டானியம் ஆக்ஸைடு உண்டாகும். நிக்கலுக்கும் வேண்டாம். காந்தல் (Kanthal) என்ற உலோகக் கலவைக் கம்பி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போன்றவற்றுக்கு மட்டும், அதுவும் மெதுவாக.

திரையில் ஓம் எண் ஆடுகிறது

ஓம் என்பது காயிலின் மின்தடை அளவு. இது பஞ்சு விஷயமே இல்லை. காயிலின் கால்களைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது கால் எங்கோ உலோகத்தைத் தொடுகிறது. சரிசெய்யும்வரை ஃபயர் செய்யாதீர்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத மெக்கானிக்கல் கருவி என்றால் ஒவ்வொரு முறை காயில் மாற்றிய பிறகும் ஓம் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேட்டரியைப் போட வேண்டும்.

இரண்டே நாளில் கறுத்து, சுவை மங்குகிறது

பஞ்சை எடுத்துப் பாருங்கள். கம்பி தொட்ட இடத்தில் கரி போல மேலோடு, மற்ற இடமெல்லாம் வெள்ளை என்றால் அது லிக்விட்டின் இனிப்பு. சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டி ஆவியாகாமல் கம்பியிலேயே படிந்து கருகுகிறது. எந்தப் பஞ்சும் இதைத் தடுக்காது. இனிப்புக் குறைந்த லிக்விட்டுக்கு மாறலாம், அல்லது பஞ்சை அடிக்கடி மாற்றலாம். பஞ்சு விலை குறைந்த பொருள், அதை இழுத்துப் பிடித்து ஓட்டுவதில் லாபமே இல்லை. திரி முழுவதும் சீராக லேசான தேன் நிறம் என்றால் அது லிக்விட்டின் நிறம்தான், கவலை வேண்டாம்.

மாற்றும்போது பழைய பஞ்சை ஒரு பக்க வாலை வெட்டிவிட்டு மறுபக்கமாக உருவுங்கள். மேலோடு படிந்த பஞ்சை அப்படியே இழுத்தால் காயிலும் சேர்ந்து வரும். வரவில்லை என்றால் இரண்டு சொட்டு லிக்விட் விட்டு ஊறவிடுங்கள். பஞ்சு ஒரு நூல்கூட உள்ளே இல்லை என்று உறுதிசெய்த பிறகு, குறைந்த வாட்டில் ஓரிரு நொடியாகப் பலமுறை ஃபயர் செய்தால் படிவு சாம்பலாகும். கம்பி முழுவதும் ஆறட்டும். சூடான கம்பியைத் தண்ணீரில் காட்ட வேண்டாம். ஆறியதும் மெல்லிய தூரிகையால் தேய்த்து, தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகும் சுற்றுகளுக்கு நடுவே கறுப்பு விடாமல் நின்றால், அல்லது கம்பி எங்காவது மெலிந்து குழி விழுந்திருந்தால், அந்தக் காயிலுக்குப் புதுப் பஞ்சு வைக்காதீர்கள். புதுக் காயில் கட்டிக்கொள்ளுங்கள்.